எதிர்மலைக் கண்ணாடி

2007 ஆகஸ்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. பேராதனையில் ரயில் ஏறினேன். மடியில் பதினொரு கிலோ எடையுள்ள லேசர் பெட்டி. “உள்ள சாமி படமா தம்பி?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். “ஓம், சாமிப் படம்தான்” என்று சொல்லிவைத்தேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் ரயிலில் உண்மையைச் சொல்லக்கூடிய காலமா அந்தப் போர்க்காலம்?

மிகத் துல்லியமான அணுக் கடிகாரங்கள் ஒளியின் அதிர்வை எண்ணி நேரம் சொல்பவை. இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒப்பிட வேண்டுமானால் ஒன்றின் அதிர்வு கெடாமல் மற்றதைச் சேர வேண்டும். அதை வெறுங்காற்றின் வழியே அனுப்பினால் காற்று எவ்வளவு கெடுக்கும் என்பதுதான் என் ஆய்வு. லேசர் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் இரவல். சனிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். அரைமணி நேர அளவீடு கிடைத்தால் லேசரை இன்னொரு வருடம் தருவார்கள். கிடைக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு அத்தோடு சரி.

றொசல்ல நிலையம் தாண்டியதும் மழை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வான் வண்டி வாடகை ஆயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் முத்தையா என் கதையைக் கேட்டுச் சிரித்தார். “ஆடி மாசத்துல இங்க வெயில் தேடி வந்த மொத ஆளு நீங்கதான் சார்.” லேசர் கைக்குக் கிடைத்ததே ஆடியில்தான், என்ன செய்வது?

மாலை நான்கு மணி. தேயிலைத் தோட்டத்தின் பழைய களஞ்சிய அறையில் லேசரை வைத்தோம். பள்ளத்தாக்கின் மறுபக்கம், நேர்கோட்டில் ஒன்றேகால் கிலோமீட்டரில், தொழிலாளர் வரிசைவீடுகளான ஒரு லயத்தின் முனையில் கம்பம் நட்டு, ஒளியைத் திருப்பி அனுப்பும் கைப்பிடியளவு கண்ணாடியைப் பொருத்தினேன். கடைசி வீட்டில் இருந்த கொழுந்து பறிக்கும் செல்லம்மா வந்து நின்று பார்த்தார்.

“இது என்னத்துக்கு சார்?”

“பிறகு சொல்லுறன் அக்கா. ஈரம் படாமல் மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.”

எனக்குக் குளிர், களைப்பு. பேராசிரியர்களுக்கு நூறு தடவை விளக்கிய விஷயத்தை அவருக்கு ஒரு தடவை சொல்லப் பொறுமை இல்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் மூடுபனி. எதிர்மலை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. பாலில்லாத பிளேன்டீ குடித்துக் குடித்து வயிறு புண்ணாகியது.

வெள்ளி பிற்பகல் இரண்டு பத்துக்குப் பனி விலகியது. பச்சை மலை முழுதாகத் தெரிந்தது. லேசரை முடுக்கினேன். திரும்பி வரவேண்டிய ஒளி வரவில்லை. திசை பிசகிவிட்டது என்று நினைத்துத் திருகாணிகளோடு மல்லுக்கட்டினேன். கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. இரண்டு ஐம்பதுக்கு மலை மறுபடியும் மறைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

முத்தையாவின் வானில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி எதிர்மலைக்குப் போனேன். கண்ணாடி கண்ணில் படவில்லை. கொழுந்து பறிப்பவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று அதைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

செல்லம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தார். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

“மூணு நாளா ஒரு சொட்டுத் தண்ணி படல சார். வேல முடிஞ்சிதா?”

“முடிஞ்சுது அக்கா.”

அவரை நொந்துகொள்ள எனக்கு என்ன உரிமை? படங்கை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை ரயிலில் ஊர் ஞாபகம். யாழ்ப்பாணத்தில் மலையுமில்லை, மூடுபனியுமில்லை. கடல்நீரேரிக்கு மேலாக ஒளி நேரே போகும். ஆனால் அந்த வருடம் அங்கே போகும் பாதை போரினால் மூடப்பட்டிருந்தது. போயிருந்தாலும் ஓர் ஒளிக்கற்றையை வெளியே விட யார் சம்மதித்திருப்பார்கள்?

நாவலப்பிட்டியில் ரயில் நின்றபோது ஆய்வுகூடத்துக்கான அறிக்கையை எழுதினேன். அளவீடு கிடைக்காததன் காரணம் என்ற இடத்தில், “நான்கு நாட்களும் இடைவிடாத மூடுபனி” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.