பேட்டரி கழற்றிய ஒயர்லெஸ்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். எங்கள் காசிமேட்டில் கடலைப் பற்றிக் கதை வைத்திருக்காத ஆளே கிடையாது, நடுக்கடலில் விளக்கு தெரிந்தது, செத்தவன் வந்து வலையைப் பிடித்து இழுத்தான் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் சின்ன வயதிலேயே நீ பார்த்தியா, இல்லை யாராவது சொன்னாங்களா, கூட யார் இருந்தது என்று குறுக்குக் கேள்வி கேட்டுத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வாய்க்கு வக்கீல் வேலைதான் சரி என்று எல்லோரும் சொன்னது அதனால்தான். நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன். ஆனாலும் சொல்கிறேன்.

என் அப்பா விசைப்படகு ஓட்டியவர். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போன அவருடைய படகு திரும்பவில்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேரின் உடல் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது, அப்பா கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழும் இல்லை. மாதா கோயிலில் செத்தவர்களுக்கு வைக்கிற பூசையை அவருக்கும் வைக்கலாம் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார், அம்மா விடவில்லை. அம்மா கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், யாரிடமும் அழுது காட்டமாட்டாள். யாராவது பேச்சுவாக்கில் அப்பா செத்த வருஷம் என்று சொல்லிவிட்டால் மட்டும் அந்த ஆளோடு அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

இதற்கு நடுவில் வீட்டுப் பிரச்சினை வந்தது. நாங்கள் இருந்த ஹவுசிங் போர்டு வீடு அப்பா பெயரில் இருக்கிறது, பழைய கட்டடம், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம், பெயர் சரியாக இருக்கிறவர்களுக்குத்தான் புது வீடு என்று சொல்லிவிட்டார்கள். பெயர் மாற்ற வேண்டுமானால் அப்பா இறந்துவிட்டார் என்று கோர்ட் சொல்ல வேண்டும். அப்பா காணாமல் போய் ஏழு வருஷம் தாண்டிவிட்டது, மனுவில் நீயும் உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் எங்கள் வக்கீலம்மா. எனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது, நான் தயார். அம்மா பேனாவைத் தொடவே மாட்டேன் என்றாள்.

"நா கையெய்த்து போட்டா நானே அவர கொன்ன மாரி ஆவாதா? வூடு போனா போவுது" என்றாள்.

வீடு போனால் எங்கே போவோம் என்று கேட்டால் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வரும், அவள் சொல்வதில் இருக்கிற நியாயமும் புரியும், அதனால் இன்னும் கோபம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நான் தமிழ் மீடியம். அந்தத் தேர்வில் எல்லாமே பக்கம் பக்கமாக ஆங்கிலம், படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். சத்தமாகப் படி, படித்ததை உன் பேச்சில் உனக்கே சொல்லிக்கொள், பயம் போய்விடும் என்று வக்கீலம்மா வழி சொல்லிக் கொடுத்தார். ஒரே ரூம் இருக்கிற வீட்டில், பக்கத்து வீட்டு டிவி நம் வீட்டு டிவி மாதிரி கேட்கிற இடத்தில் எங்கே சத்தமாகப் படிப்பது? அப்போது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடந்தன. ஸ்டீபன் சித்தப்பா தன் படகுச் சாவியைக் கொடுத்தார்.

"கேபின்ல போய் குந்திகினு படி ஜெசி. ஈ காக்கா வராது" என்றார்.

தடைக்காலத்தில் படகை விட்டு இறங்கும்போது எல்லோரும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், விட்டுவைத்தால் திருட்டுப் போய்விடும். சித்தப்பாவும் அப்படித்தான் செய்திருந்தார், அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அந்தப் பேட்டரியை நானே பார்த்திருக்கிறேன். ஒயர்லெஸ் பெட்டியை மட்டும் கழற்றவில்லை, அது பழசு, துருப்பிடித்த போல்ட்டோடு கேபின் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஒயரின் முனைகளில் டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்.

நான் அந்த மைக்கைக் கையில் எடுத்து, பட்டனை அழுத்திக்கொண்டு படிப்பேன். சிரிக்காதீர்கள், சும்மா உட்கார்ந்து சுவரிடம் பேசுவதற்கு அது தேவலை. சின்ன வயதில் சித்தப்பா என்னை இதே கேபினில் உட்காரவைத்து, கடலில் இருக்கிற அப்பாவோடு பேசவிடுவார். பேசி முடித்ததும் "சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனிலிருந்து விரலை எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கம் இருக்கிறவர் பேசுவார். எங்கள் படகுகளில் எல்லோருக்கும் அது பழக்கம், எனக்கும் பழகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம். நல்ல வெயில், கேபினுக்குள் டீசல் வாடையும் காய்ந்த வலை வாடையும், வெளியே ஒரு ஆள் பெயின்ட் சுரண்டுகிற சத்தம். மாதிரி வினாத்தாளில் அன்றைக்கு எனக்கு வந்த பத்தி என்ன தெரியுமா? காணாமல் போனவர்களைப் பற்றிய சட்டம். ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றிய செய்தி யாருக்கு வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருஷமாக எந்தச் செய்தியும் வரவில்லை என்றால் அவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு வழக்கம்போல என் பேச்சில் சொன்னேன்.

"ஒர்த்தர் ஏழு வருசமா இன்னா ஆனாருன்னே தெரில, வூட்டு ஆளுங்களுக்கு ஒரு சேதியும் வர்லன்னா, அவரு செத்துட்டாருன்னு கோர்ட்டு எட்த்துக்கும். சொல்லு."

பழக்க தோஷம், "சொல்லு" என்று முடித்துவிட்டு விரலை எடுத்தேன்.

பெட்டி இரைந்தது. கடலில் இருக்கிற படகுகள் பேசுவதற்கு முன்னால் வருமே, அந்த இரைச்சல்.

"கேட்டுகினேன் ஜெசி" என்றது ஒரு குரல். என் அப்பாவின் குரல். எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். கொஞ்சம் இடைவெளி விட்டு, அவசரமே இல்லாமல் பேசியது. "அம்மாவ கையெய்த்து போட சொல்லு. வூட்ட வுட்றாதீங்க. சொல்லு."

அவர் எனக்கு முறை கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மைக் என் கையில்தான் இருந்தது. நைனா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். வாய் திறக்கவில்லை. இரைச்சல் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் எழுந்து ஒயரைப் பிடித்துப் பார்த்தேன், டேப் சுற்றியது சுற்றியபடி தொங்கியது. வெளியே எட்டிப் பார்த்தால் பெயின்ட் சுரண்டுகிற ஆள் தன் பாட்டுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தான். "இப்ப எதுனா சத்தம் கேட்டுச்சாண்ணா?" என்று கேட்டேன். "நீ தான் கத்திகினு இருந்த" என்றான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது, பயத்தால் அல்ல. நீங்களே யோசித்துப் பாருங்கள். எந்தச் செய்தியும் வரவில்லை என்றுதான் மனுவில் எழுதியிருக்கிறது. எனக்குச் செய்தி வந்துவிட்டது. கையெழுத்துப் போடு என்று அவரே சொல்லிவிட்டார், அவர் சொன்னதாலேயே அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால், பார்த்தியா உயிரோடு இருக்கார் என்று பிடித்துக்கொள்வாள், ஜென்மத்துக்கும் கையெழுத்துப் போடமாட்டாள், வீடு போய்விடும். சொல்லாமல் விட்டால் என் அப்பாவின் கடைசி வார்த்தையை விழுங்கியவள் நான். வெயிலில், பசியில், அப்பா ஞாபகத்தில் காதில் ஏதோ கேட்டிருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் படகில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மா புடவையைக்கூட மாற்றாமல், "வக்கீலம்மாவாண்ட போலாம் வா" என்றாள். சாமியார் பேசி மனதை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். மனு போட்டோம். விசாரணை அன்று ஜட்ஜ் அம்மாவைக் கேட்டார், இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லையா என்று. அம்மா ரொம்ப நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு "இல்லீங்க" என்றாள். அடுத்து நான். நானும் இல்லை என்றேன். சட்டம் படிக்க ஆசைப்பட்டவள் கோர்ட்டில் பேசிய முதல் வார்த்தை அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தவள் எப்படி ஒத்துக்கொண்டாய் என்று.

"நைனா தான் போட சொன்னாரு" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"எப்போ?"

"தடகாலத்துல. மத்தியானம் மார்க்கெட்ல குந்திகினு கீறேன், போன் அட்ச்சுது. கையெய்த்து போடு, வூட்ட வுட்றாதன்னாரு. அத்தோட கட்டாயிட்ச்சு."

நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சித்தப்பாவிடம்கூட. இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? எவனாவது விளையாடியிருப்பான், நைனா என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அவரு கொரலு எனக்கு தெரியாதா? பின்னால நீ வேற இங்கிலீசு படிச்சிகினு கீற, நல்லா கேட்டுச்சு. புள்ள அவராண்ட தான் கீதுன்னு எனக்கு தைரியமா இருந்துச்சு" என்றாள்.

நான் இங்கிலீஷில் சத்தமாகப் படித்தது அந்தப் படகு கேபினில் மட்டும்தான்.

கோர்ட் உத்தரவு வந்தது, வீடு அம்மா பெயருக்கு மாறியது, அப்பாவுக்குப் பூசையும் வைத்தோம். தேர்வில் எனக்கு இடம் கிடைத்து இப்போது சட்டம்தான் படிக்கிறேன். இப்போதெல்லாம் எதையும் நான் வாய்விட்டுப் படிப்பதில்லை, மனதுக்குள்தான். ராத்திரி சாப்பாடு முடிந்து நான் புத்தகத்தை எடுத்ததும் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

"இன்னாத்துக்கு வாய்க்குள்ளயே படிக்கிற? கொஞ்சம் சத்தமா தான் படியேன் ஜெசி" என்கிறாள்.