வரவழைத்துக்கொண்டவள்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் காஜா அக்கா என்று பெயர். காஜா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால், பொத்தான் ஓட்டைகளைப் போட்டுக்கொண்டே இருப்பாள். சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். உட்கார்ந்து செய்கிற சொகுசு வேலை என்று நினைத்துவிடாதீர்கள், இடுப்பு கழன்றுபோகும்.

புருஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விடிந்தால் ஓட்டம், சாயங்காலம் பந்து. இந்த வயதிலும் தொப்பை இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அவளுக்கு மார்பில் புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து, கீமோவில் முடியெல்லாம் கொட்டிப் படுத்திருந்தபோது நாத்தனார் பார்க்க வந்தாள். முன்னறையில் மாஸ்டர் தங்கையிடம் பேசியது அப்படியே உள்ளே கேட்டது.

"எல்லாம் அவளா வரவழைச்சுக்கிட்டதுதான். உடம்பை அசை, அசைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

பாவி மனுஷன்! கம்பெனியிலிருந்து வந்து சமைத்தது யார்? இவர் ஓடிவிட்டுக் கழற்றிப் போட்ட வியர்வைச் சட்டையைத் துவைத்தது யார்? இந்த வார்த்தையை ஒருநாள் இவருக்கே திருப்பிக் கொடுக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று படுத்தபடியே கறுவிக்கொண்டாள்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள். "உட்கார்ந்தே இருந்ததாலதான் எனக்கு வந்துச்சா?"

"உடம்பு நல்லா அசைஞ்சா வர்ற வாய்ப்பு குறையும்மா. ஆனா ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஓடறவங்களுக்கும் வருது. உங்க மேல தப்பு இல்ல. இப்ப மெதுவா நடங்க, அசதி குறையும். திரும்ப வராம இருக்கவும் உதவலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

நடந்தாள். முதலில் கட்டிலிலிருந்து வாசல்வரை, பிறகு தெருமுனை, பிறகு பூங்காவைச் சுற்றி. என்ன மனஉறுதி என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அவளோ ஒவ்வோர் அடியையும் புருஷன் முகத்தில் வைப்பதாக நினைத்துத்தான் வைத்தாள். அவர் ஓடுகிற நேரமாகப் பார்த்து எதிரிலேயே வருவாள், ஒரு பேச்சு பேசமாட்டாள். முடி வளர்ந்தது, வேலைக்குத் திரும்பினாள், வருடங்களும் போயின. கோபம் மட்டும் ஆறவில்லை.

பிறகு மாஸ்டருக்கு வந்தது, பெருங்குடலில்.

அவள் அழவில்லை. சொல்லவே கூசுகிறது, சந்தோஷமாகக்கூட இருந்தது. நாத்தனார் வரட்டும் என்று காத்திருந்தாள்.

நாத்தனார் வந்தபோது அவருக்கு ஆபரேஷன் முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. எழுந்து நடக்கச் சொல்லி டாக்டரம்மா எவ்வளவோ சொல்லியும் மாஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார்.

"தினம் ஓடின மனுஷனாச்சே. அண்ணனுக்கு எப்படி அண்ணி வந்துச்சு?" என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள்.

"அவரா வரவழைச்சுக்கிட்டதுதான்."

மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்துடுச்சா? சொல்லியிருக்கக் கூடாது. நீ சொல்றதுதான் சரி. என்னை விட்டுடு, போய்ச் சேர்றேன்."

இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்த வார்த்தை, இரண்டு நொடியில் தீர்ந்துபோனது. அவளுக்குப் பழைய கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது. போர்வையைப் பிடுங்கி எறிந்தாள்.

"எழுந்திரிங்க! வாசல்வரைக்கும் நடங்க. அவ்வளவு சுலபமா விட்டுருவேனா? நீங்க போயிட்டா நான் யாரைப் பழிவாங்கறது?"