வரிசையில் வந்த சமாதானம்

எண்ணூற்றுப் பதின்மூன்று வரிகள். 1955ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் கூடிய இளைஞர் சமாதான மாநாட்டுக்குச் சுருளிவேல் கொண்டுபோன நாற்பத்தொரு தாள்களில் இருந்தவை இத்தனை. எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகளில் கட்டைவிரல் ரேகை இருந்தது. ஒரு வரியில் கோடு கிழித்திருந்தது.

சுருளிவேலுக்கு அப்போது வயது பத்தொன்பது. பிறந்தது ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் நான்காம் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில். படித்தது பாலக்காட்டில், இண்டர்மீடியட். ஒலவக்கோட்டு ரயில்வேயில் வேலை பார்த்த தாய்மாமன் வீட்டில் தங்கி, தினமும் நடந்தே கல்லூரிக்குப் போய் வந்தான். அணுகுண்டைப் பற்றி அவனுக்குத் தனிக் கருத்து எதுவும் இல்லை. ஆங்கிலப் பாடத்தைப் பற்றி இருந்தது. ஆனால் அதைத் தடை செய்ய எந்த மாநாடும் கூடவில்லை.

கருத்து வைத்திருந்தவன் அவனுடைய வகுப்புத் தோழன் யக்ஞநாராயணன். கல்பாத்தி அக்ரஹாரத்துப் பிள்ளை, மாணவர் சமாதானக் குழுவின் செயலாளர். குழுவில் ஐந்து பேர். கூட்டம் என்றால் மூன்று பேர் வருவார்கள். கூட்டத்தோடு காப்பியும் உண்டென்றால் ஒன்பது பேர். கொழும்பிலிருந்து அழைப்பு வந்ததும் யக்ஞநாராயணன் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தான். மூன்றாம் நாள் அழைப்பின் இரண்டாம் பக்கத்தைப் படித்தான். பிரதிநிதியாக வருகிறவர் தான் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களிடம் ஐந்நூறு கையொப்பமாவது வாங்கி வர வேண்டும் என்று அதில் இருந்தது. பாலக்காடு முழுக்கச் சுற்றி அவன் சேர்த்தது அறுபத்தொன்று. அதில் பதினேழு பேர் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்.

"உங்க எஸ்டேட்ல எத்தனை பேர் இருக்கா?" என்று சுருளியைக் கேட்டான்.

எண்ணூறு சொச்சம் என்றான் சுருளி.

"அவாளுக்கெல்லாம் சமாதானம் வேண்டாமாடா?"

"யாரும் கேட்டதில்ல."

கையொப்பம் வாங்குகிறவனே கொழும்புக்கும் போகட்டும் என்று யக்ஞநாராயணன் விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையால் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். காரணத்தைச் சுருளியிடம் மட்டும் சொன்னான்: "கடல் தாண்டறேன்னு ஆத்துல கேக்கவே முடியாது, கேட்டியா. அணுகுண்டு என்னிக்கோ விழப் போறதாக்கும். அப்பா இன்னிக்கே விழுவார்."

ஏப்ரல் விடுமுறையில் சுருளி தாள்களோடு மலையேறினான். லயம் லயமாகப் போய்க் கேட்கலாம் என்று முதலில் நினைத்தான். முதல் மாலையில் நாலு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் எந்தச் சண்டை, யாருக்கும் யாருக்கும், இடையில் நமக்கு என்ன என்று தொடங்கி, எங்கள் மூன்றாம் லயத்துச் சண்டையை நிறுத்தவும் இதில் விரல் வைக்கலாமா என்பதில் போய் நின்றது. நாலு வீட்டில் கிடைத்த விரல்கள் இரண்டு. இந்த வேகத்தில் போனால் மூன்றாம் உலகப்போர் முந்திக்கொள்ளும்.

வழி சொன்னவர் பெரியமுத்து கங்காணி. தோட்டத்தில் எந்தக் காரியமும் காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில்தான் நடக்கும். ஆஜர் எடுப்பதும் அங்கே, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அங்கே. கங்காணி செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எண்ணைக் கூப்பிடுவார், அந்த எண்ணுக்குரிய ஆள் முன்னால் வருவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. ஆள் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ எண் அடுத்த ஆளுக்குப் போகும். காலி எண்ணைப் பார்த்தால் பெரியமுத்துக்குச் சாப்பாடு இறங்காது.

"வரிசையா வந்தாத்தாண்டா ஆளு. இல்லாட்டி வெறுங்கூட்டம்" என்றார். அம்மை குத்துவதற்குப் பட்டியல் எடுக்கிறோம் என்று துரையிடம் சொல்லிவிட்டு, மறுநாள் களத்தில் மேசை போட்டார்.

ஒன்று என்றார், ஒன்று வந்தது. இரண்டு என்றார், இரண்டு வந்தது. பெயர் எழுதும் கலத்தில் சுருளி செக்ரோல் எண்ணை எழுதினான், எல்லோரும் கேட்டபடி. காகிதத்தில் தாங்கள் அந்த எண்ணாகத்தான் இருக்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வயதுக் கலத்துக்கு வந்தபோது யாருக்கும் விடை தெரியவில்லை. கங்காணி எல்லோருக்கும் முப்பது என்று போடச் சொன்னார். எழுபது வயதுக் கிழவர்களும் பதினைந்து வயதுப் பெண்களும் முப்பதானார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறையேறி வெடித்த விரல்கள் அவை. தாளில் அழுத்தினால் ரேகை விழாது, புளியங்கொட்டை போலக் கறுப்பாக ஒரு பொட்டு விழும். இரண்டாம் நாள் மை தீர்ந்துபோய், விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து மிச்சத்தை முடித்தார்கள்.

இரண்டு காலைகளில் எல்லாம் முடிந்தது, ஒரே ஓர் இடறலைத் தவிர. நானூற்று ஏழு.

நானூற்று ஏழு மாரித்தாய், சுருளியின் அம்மா. கூப்பிட்டதும் வந்தாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மேசை முன்னால் நின்றாள்.

"விரல நீட்டு, ஆத்தா" என்றார் கங்காணி.

"வைக்க மாட்டேன்."

"ஒம் மகன் ஒலகத்துக்கே சமாதானம் கொண்டாரப் போறான். நீ மறிக்கிறியே."

"கொண்டாரட்டும். நான் வேணாங்கல. விரலு மட்டும் வைக்க மாட்டேன். ஒருக்கா வச்சேன், மலைக்கு வந்துட்டேன்." பிறகு கங்காணியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்கப்பன் நீட்டுன காயிதந்தான அது. ஆறு மாசத்துல திரும்பிறலாம்னு சொன்னாரு. இருபத்தோரு வருசமாச்சு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியமுத்து சிரிக்கவில்லை. சுருளிக்குக் காது சிவந்தது. ஊரெல்லாம் விரல் வைக்கிறது, பெற்றவள் மட்டும் இப்படி நிற்கிறாள் என்று அடிக்குரலில் மன்றாடினான். அவள் அசையவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கங்காணி பெருவிரலை மையில் தோய்த்தபடி, "நான் வச்சிரவா? யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்டார். நேர்மையினால் சுருளி மறுத்தான் என்று சொல்ல முடியாது. கோபத்தில் இருந்தான். அவள் வரியின்மேல் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டான். அடுத்து நானூற்று எட்டு வந்தது.

பிரயாணச் செலவு மாநாட்டுக்காரர்களுடையது. பயணப் பத்திரங்களை வாங்கிக் கொடுத்தவர் தாலுகா ஆபீஸில் இருந்த யக்ஞநாராயணனின் சித்தப்பா. எங்கே எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அண்ணன் பிள்ளை போகவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டார். மண்டபம் முகாமில் கப்பலேறுமுன் உடல் பரிசோதனை. முகவரியில் எஸ்டேட் என்று இருப்பதைப் பார்த்த ஒரு கம்பவுண்டர் சுருளியைத் தோட்டக் கூலிகளின் வரிசைக்கு அனுப்பினார். தான் சர்வதேச மாநாட்டுப் பிரதிநிதி என்று சுருளி சொன்னான். எல்லா வரிசைக்கும் ஒரே ஊசிதான் என்றார் கம்பவுண்டர். வீங்கிய இடது தோளோடு அவன் கொழும்பு போய்ச் சேர்ந்தான்.

மாநாடு ஒரு பள்ளிக்கூடத்தில். மறுநாள் காலை பத்து மணிக்குச் சுருளி பேச வேண்டும். அதற்குமுன் சான்றுகளைச் சரிபார்க்கும் குழுவின் முன் நிற்க வேண்டும். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: தலைவியாக நார்வே நாட்டு அம்மையார் ஒருவர், எகிப்திய மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் தொழில் நடத்தும் இளம் வக்கீல் ஒருவர். வக்கீல்தான் தாள்களைப் புரட்டினார். ஒன்று முதல் எண்ணூற்றுப் பதின்மூன்று வரை பிசகாத வரிசை. எல்லோருக்கும் வயது முப்பது. எல்லா விரலும் ஒரே பொட்டு. பாதிவழியில் மையின் நிறம் வேறு மாறியிருந்தது.

"உது ஒருத்தன்ர விரல்தான்" என்றார், தமிழிலேயே. "தோட்டத்துக் கங்காணிமாரின்ர வேலை எனக்குத் தெரியாதே? எத்தினை வழக்குப் பாத்திருக்கிறன்."

தள்ளுபடியானால் சுருளிக்கு மேடை இல்லை, மாடியில் பார்வையாளர் நாற்காலி ஒன்று கிடைக்கும். அதை அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். யக்ஞநாராயணன் எழுதிக் கொடுத்த பேச்சை வாசிக்காமல் தப்பிப்பதில் ஒரு நிம்மதிகூட உண்டு. ஆனால் மாநாட்டுக் குறிப்பேட்டில் போலிக் கையொப்பம் என்று ஏறும். பாலக்காட்டுக்கும் ஏலப்பாறைத் தொழிற்சங்கத்துக்கும் கடிதம் போகும். பனியில் நின்று விரல் வைத்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

"வயசு பொய்தான் ஐயா. விரலு பொய்யில்ல" என்றான்.

பிறகு விளக்கத் தொடங்கினான். விளக்க விளக்க நிலைமை மோசமானது. செக்ரோல் என்றால் என்ன, எண் ஏன், வரிசை ஏன் என்று அவன் சொன்னதை வக்கீல் ஆங்கிலமாக்கினார். அதுவரை எழுதிக்கொண்டிருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மேஸ்திரி எண் சொல்லிக் கூப்பிட்டு, வேலைக்குப் போகுமுன் விரல் வைக்கச் சொன்னீர்களா என்று கேட்டார். ஆம் என்றான் சுருளி. அப்படியானால் இவை உண்மையான விரல்களாகவே இருந்தாலும் என்ன பயன், மாட்டேன் என்று சொல்ல அங்கே யாருக்காவது இடம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி.

சுருளியிடம் பதில் இருந்தது, இருபத்தோராம் தாளில். அதைக் கொழும்பு வரை வந்து சொல்லிக் கேவலப்பட அவனுக்கு மனமில்லை.

புரட்டிக்கொண்டிருந்த எகிப்திய மாணவரின் கை அந்தத் தாளில் நின்றது. நானூற்று ஏழின் மேல் கிழித்த கோட்டைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

"மாட்டேன்னு சொன்ன ஆளு" என்றான் சுருளி.

"ஆரெண்டு கேக்கினம்" என்றார் வக்கீல்.

"எங்கம்மா."

வக்கீல் இதை உடனே மொழிபெயர்க்கவில்லை. "உம்மட அம்மாவே வைக்கேல்லையோ?" என்று தன் கணக்கில் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். மேசைக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது. உங்கள் தாயாருக்கு யுத்தம்தான் வேண்டுமா என்று எகிப்தியர் கேட்டார். வேறு வழியில்லாமல் சுருளி எல்லாவற்றையும் சொன்னான்: மலைக்கு வருமுன் கம்பம் ஊரில் அவள் வைத்த விரல், ஆறு மாதம் என்ற பேச்சு, களத்தில் கங்காணி முகத்துக்கு நேராக அவள் கேட்டது. அவன் நினைத்ததைவிட நீளமாகப் போயிற்று. சிரிப்பு நின்றிருந்தது.

மறுத்த பிறகு அவளை என்ன செய்தார்கள் என்று அம்மையார் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல. கொழுந்தெடுக்கப் போயிருச்சு."

வக்கீல் நாற்பத்தொரு தாள்களையும் அடுக்கித் தட்டினார். அவருடைய முடிவை முதலில் தமிழில் சுருளிக்குச் சொன்னார், பிறகுதான் ஆங்கிலத்தில்: "கள்ள விரல் வைக்கிறவன் முதல்ல தன்ர அம்மாவின்ர பேரைத்தான் போடுவான். தம்பி கள்ளனில்லை."

இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தாள்கள் ஏற்கப்பட்டன. எகிப்தியர் வயதுக் கலத்தை மன்னிக்கவில்லை. மாநாட்டுக்கு வந்து குவிந்த அத்தனை கட்டுகளிலும் ஒருவர் மறுத்ததற்கு அடையாளம் இருப்பது இந்த ஒன்றில்தான் என்று அம்மையார் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

மறுநாள் பத்து மணிக்குச் சுருளிவேல் நாலு நிமிடம் பேசினான். யக்ஞநாராயணனின் பேச்சுத்தான், அவனிடம் வேறு இல்லை. இரண்டு உலகப்போர்களையும் குருட்சேத்திரத்தையும் அது ஒரே மூச்சில் கண்டித்தது. நடுவில் வந்த சம்ஸ்கிருத சுலோகத்தில் அவன் தடுக்கி விழுந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரும் விழுந்தார். கைதட்டினார்கள். அடுத்துப் பேசிய பர்மாக்காரருக்கும் அதே அளவு தட்டினார்கள்.

ஊர் திரும்பியவனைப் பெரட்டுக்களத்தில் நிறுத்தி எல்லோரும் கேட்டார்கள். விரல்களை ஒத்துக்கொண்டார்கள் என்றான். கூட்டம் மகிழ்ந்தது, பெரியமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். மாட்டேன் என்று சொல்ல இடம் இருந்ததா என்ற கேள்விக்குத் தான் முழுப் பதில் சொல்லாமல் வந்ததை அவன் களத்தில் சொல்லவில்லை. ஆறேழு மாதம் கழித்து யக்ஞநாராயணனிடம் சொன்னான். அம்மாவுக்கு இருந்தது, அவளே உண்டாக்கிக்கொண்டாள், மற்ற எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கு இருந்ததா என்பது தனக்குத் தெரியாது என்றான். அதற்கு என்னடா செய்யறது என்று கேட்டான் யக்ஞநாராயணன். அடுத்த மார்ச் தேர்வில் சுருளி ஆங்கிலத்தில் தோற்றான். செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினான்.

1957ஆம் ஆண்டு, ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளுக்கு எதிராகக் கையொப்பம் சேர்க்கத் தொழிற்சங்கம் அவனிடம் தாள்களைக் கொடுத்தது. பெரியமுத்து கங்காணி மேசையைத் துடைத்துக் களத்தில் போட்டு வைத்திருந்தார். சுருளி களத்துக்கு வரவில்லை. மாலை வேளைகளில் லயம் லயமாகப் போனான். எண்ணை எழுதவில்லை, பெயரைக் கேட்டு எழுதினான். எந்தச் சண்டை, யாருக்கும் யாருக்கும் என்று கேட்டவர்களுக்கு உட்கார்ந்து பதில் சொன்னான். வேண்டாம் என்றவர்கள் வீட்டிலும் பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டு எழுந்தான். பன்னிரண்டு நாள் ஆயிற்று. சேர்ந்தவை முந்நூற்று எண்பத்தாறு விரல்கள். ஜூலை முதல் வாரம் அவை கோட்டயத்திலிருந்த சங்கத் தலைமைக்குத் தபாலில் போயின.