ஆலை அகற்றக் கோரும் மனு

தினேஷ் முதலில் பார்த்தபோது பஞ்சவர்ணம் ஏணிமேல் நின்று டவுன் ஹால் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மேல்சுவர் வெடிப்பில் ஆலங்கன்று ஒன்று முளைத்துச் செங்கல்லைப் பிளந்திருந்தது. இழுத்தும் வரவில்லை.

"படிச்ச பையன்தானே நீ? முனிசிபாலிட்டி ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடு நைனா."

அந்தப் பழைய ஹாலைப் பெருக்கி, சாவியை இடுப்பில் செருகி இருபது வருடமாகக் காத்துவருபவர் அவர். தினேஷ், திருநின்றவூரில் அறை எடுத்து, அரசுத் தேர்வுக்குப் படிக்க ஹாலின் வாசகசாலைக்கு வந்தவன். வீட்டில் முதல் பட்டதாரி. மனு என்றால் சும்மாவா? 'பொருள்: டவுன் ஹால்' என்று தொடங்கி, 'பொதுமக்களுக்கு ஆபத்தாக நெடிதோங்கி நிற்கும் ஆலை அகற்றித் தருமாறு' பணிவுடன் வேண்டி முடித்தான். பஞ்சவர்ணம் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஓவர்சியர் உத்தமன் வந்தார். டேப் பிடித்து அளந்தார். முன்சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இன்னாத்துக்கு இது?"

"நீதானே கேட்டுக்கீறே யக்கா, ஆலை எடுக்கச் சொல்லி. இடிக்கிறதுக்கு மார்க். திங்கக்கெழமை ஃபைல் மேல போவுது."

அந்தப் பக்கத்தில் ஹாலை எல்லோரும் 'ஆலு' என்றுதான் சொல்வார்கள். தினேஷ் குறுக்கே வந்தான்.

"சார், ஆல்னா ஆலமரம் சார்."

"மரம்னா மரம்னு எழுத வேண்டியதுதானே தம்பி."

பஞ்சவர்ணம் உத்தமன் பக்கம் திரும்பினார். "வெள்ளத்துல நாப்பது குடும்பம் இதுக்குள்ளதான் படுத்துகினு கெடந்துச்சு. ஓட்டு, சொட்டு மருந்து, அல்லாம் இங்கதான். உன் பொண்டாட்டிக்கு வளைகாப்பு எங்க நடந்துச்சு?"

"இங்கதான்கா."

"எச்ச எல எடுத்தது யாரு?"

உத்தமன் டேப்பைச் சுருட்டினார். "வேற மனு குடு. ஃபைல் நவுர்றதுக்குள்ள நானே சேத்துடறேன்."

தினேஷ் பேனாவைத் திறந்தான். "நான் சொல்றத அப்பிடியே எழுது," என்றார் பஞ்சவர்ணம். "உன் தமிழு ஒண்ணியும் வாணாம். 'செவுத்துல ஆலமரம் மொளச்சிக்கீது. அத்த மட்டும் எடுங்க. ஆலு இருக்கட்டும்.'"

அவன் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

மறுவாரமே இரண்டு பேர் உளியோடு வந்து வேரைத் தோண்டி எடுத்து, வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தார்கள். சிவப்புக் குறிமேல் பஞ்சவர்ணமே சுண்ணாம்பு அடித்தார். வெயில் சாயும்போது அது இன்னும் லேசாகத் தெரியும்.

இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹாலில்தான் இருக்கிறார், காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கிறார்.