நான்கு பொத்தான்களும் ஒரே வரிசையில்

கணினித் திரைகளை வடிவமைப்பதுதான் இன்று என் பிழைப்பு. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது பெரிதாக இருக்க வேண்டும் என்று உடன் வேலை செய்யும் இளைஞர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பேன். "எல்லாம் ஒரே மாதிரி வரிசையா இருந்தா அழகா இருக்குமே" என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். உண்மையில் அந்தக் கோபம் அவர்கள் மேல் இல்லை. எண்பதுகளில் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த என் மேல்தான்.

அரைத்த கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையருக்குப் புதிதாக ஒரு டிஜிட்டல் பெட்டி வந்தது. சூட்டின் அளவு அதில் சிவப்பு எண்களாக எரியும். பெல்ட்டின் வேகத்தைக் கூட்ட, குறைக்க, காற்றாடியை ஓட்டி நிறுத்த என்று கீழே மூன்று கறுப்புப் பொத்தான்கள். எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தான் மட்டும் உள்ளங்கை அகலத்தில், சிவப்பாக, பக்கவாட்டில் தனியே இருந்தது. லொறியில் வந்த குலுக்கலில் அதன் தலை உடைந்துவிட்டது. வேறு வரவழைக்க வாரக்கணக்காகும். ஆயுத பூசைக்கோ மூன்று நாள்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? மற்ற மூன்றைப் போலவே ஒரு கறுப்புப் பொத்தானைத் தேடியெடுத்து, அதே வரிசையில் நான்காவதாகப் பூட்டினேன். பக்கவாட்டு ஓட்டையைத் தகரத்தால் மூடினேன். எட்ட நின்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பூசையன்று நானே சந்தனம் குழைத்து, நான்கின் மேலும் அளவு பிசகாமல் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டேன். பொத்தான்களின் மேலிருந்த சின்னஞ்சிறு இங்கிலீஷ் எழுத்துகள் அதில் மறைந்துபோனதை நான் பொருட்படுத்தவே இல்லை.

ட்ரையரை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். பத்து வருடம் பழைய பெட்டியோடு பழகியவர். பூசைக்கு மறுநாள் காலைதான் புதுப் பெட்டியோடு முதல் ஓட்டம். பெல்ட்டில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த பெண்ணின் சேலைத் தலைப்பு சங்கிலியில் சிக்கியது.

"ஐயோ, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

மச்சான் பாய்ந்துபோய் ஒரு பொத்தானை அமுக்கினார். பெல்ட் இன்னும் வேகமாக ஓடியது. இன்னொன்றை அமுக்கினார். காற்றாடி நின்றது, பெல்ட் நிற்கவில்லை. அவள் தோள் சங்கிலியை நெருங்கிவிட்டது. மச்சானின் விரல் குங்குமப் பொட்டுகளின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. நான் கூடத்தின் மறுமுனையிலிருந்து ஓடி, சுவரிலிருந்த பழைய மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அந்தக் கைப்பிடியில் எழுத்து எதுவும் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் இழுக்கத் தோன்றும், அவ்வளவுதான். எல்லாம் நின்றது. சேலை கிழிந்து, தோளில் தோல் உரிந்து, மயங்கிக் கிடந்தாள். நல்ல வேளையாக உயிர் தப்பினாள்.

அடுத்த நாள் ஆபீசில் விசாரணை. வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும். அக்காவும் மூன்று பிள்ளைகளும் எங்கே போவார்கள்?

தோட்டத்து மேலாளரான தொரை முதலில் என்னைக் கேட்டார். "பெட்டிய ஒழுங்காத்தானே பூட்டுன?"

"ஒழுங்காத்தாங்க பூட்டியிருக்கு, தொரைகளே" என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

மச்சான் பக்கம் திரும்பினார். "பத்து வருசமா ட்ரையர் ஓட்டுற. நிப்பாட்டத் தெரியாதா ஒனக்கு?"

"என் தப்புத்தாங்க" என்றார் மச்சான். தலை குனிந்திருந்தது. "பதட்டத்துல மாத்தி அமுக்கிட்டேங்க. எனக்குத்தாங்க அந்தப் பெட்டி புரியல."

பெட்டியின் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அந்த மனிதர். கிளாக்கர் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். மச்சானின் பெயரைத் தட்டும் சத்தம் கேட்டது. என் கருவிப் பையில், எறிய மனமில்லாமல் வைத்திருந்த அந்த உடைந்த சிவப்புத் தலை கிடந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது தனியா இருக்க வேண்டிய பொத்தானுங்க. நான்தான் வேறொன்ன வரிசையில பூட்டினேன். நான்தான் பொட்டும் வச்சேன். எது நிப்பாட்டுற பொத்தான்னு யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுங்க. அவரு மேல தப்பே இல்லீங்க."

தொரை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கிளாக்கர் வேறொரு தாளைச் செருகினார். இம்முறை தட்டியது என் பெயரை.

வேலையை விட்டுப் போக எனக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் புதிய சிவப்புத் தலை வந்து சேர்ந்தது. கடைசி நாளன்று அதை அதற்குரிய இடத்தில் பூட்டிவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன்.

"கண்ண மூடிக்கிட்டு நிப்பாட்டுங்க, மச்சான்."

அவர் கை பெட்டியின் ஓரமாகத் தடவிப் போய் அதைக் கண்டுபிடித்தது. ட்ரையர் நின்றது. மச்சான் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"சுளுவாத்தான் இருக்கு, மாப்ள" என்றார். "ஆனாலும் அன்னைக்கு நான் பாத்து அமுக்கியிருக்கணும். என்னாலதானே ஒனக்கு வேல போச்சு."