கதவைச் சாத்தச் சொன்ன குரல்

அந்தோனிமுத்து அண்ணை இறந்த செய்தியை எனக்கு ஒரு ஜேர்மன்காரன்தான் சொன்னான். ஹம் நகரில் என் தொலைபேசி எண் இல்லாத தமிழ் வீடு இல்லை. கலைவிழா ரிக்கற் விற்க என்னை வேலைத்தலத்தில்கூடத் தேடிப் பிடிப்பவர்கள், இதை மட்டும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஆளுக்காள் விட்டுவிட்டார்களாம். யூர்கன் தொலைபேசியில், "டோனி காலையில் போய்விட்டான்" என்றான். தொழிற்சாலை உடுப்போடு நின்ற எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எந்த டோனி என்று கேட்டேன். "உன்னைக் கதவு சாத்தச் சொன்ன டோனி" என்றான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் பலருக்கு யூர்கனைத் தெரியாது. பக்கத்து நகரத்தில் ஒரு பங்க் குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவன் அவன். கூச்சலும் கோபமும் அரசியலும் சேர்ந்தால் பங்க். குழுவின் பெயரை இங்கே எழுதினால் பாதர் மலரைக் கோயிலுக்குள் விடமாட்டார். அவர்கள் பிடித்து வைத்திருந்த பாழ்வீட்டில் வியாழக்கிழமை தோறும் சோறும் பருப்பும் சமைத்துக் கொடுத்தவர் அண்ணை. மற்ற நாட்களில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். வியாழக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று அவர் மனைவி றீற்றா அக்கா கேட்டபோது, "பங்க் பிள்ளையளோடை ஒரு வேலை" என்று உண்மையைத்தான் சொன்னார். அக்காவின் காதில் அது கோயில் பங்கு என்று விழுந்தது. ஐந்தாறு வருடம், தன் புருஷன் ஏதோ பங்குக் கோயிலுக்கு ஊழியம் செய்கிறார் என்று அவர் எல்லோரிடமும் பெருமை சொன்னார். பச்சைத் தலைமயிரோடு இரண்டு பேர் வீட்டுக்கு வந்த நாளில் தேத்தண்ணீர் கொடுத்து, "தம்பியவை எந்தப் பங்கு?" என்று கேட்டார். அண்ணை அவர் பேச்சைத் திருத்தவில்லை. எதையும் திருத்தாத மனிதர். எனக்கும் அவருக்கும் இருந்த பிணக்கே அதுதான்.

ஊரில் அவர் மன்னார்-வவுனியா பஸ்ஸில் கண்டக்டர். கடைசி இருக்கையில் தூங்குகிறவனை மிதிபலகையில் நின்றபடியே எழுப்புகிற குரல். அந்தக் குரலைச் சமையலறையில் கேட்ட யூர்கன், தங்கள் புதுப் பாட்டில் தமிழில் ஒரு வரி வேண்டும் என்றான். எல்லைகளைத் திறக்கச் சொல்லும் பாட்டு. தமிழ் படித்த பட்டதாரி என்று அண்ணை என்னைக் கூட்டிப் போனார். ஒரு கிழமை உழைத்து, "மண்ணுலகில் மாந்தர் எவரும் சட்டத்துக்குப் புறம்பானவர் அல்லர்" என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

அண்ணை கடுதாசியைப் பார்த்தார். "மாஸ்டர், இதைச் சொல்லி முடிக்க பஸ் வவுனியாவுக்குப் போயிடும். கொஞ்சம் குறைக்க ஏலாதோ?"

"ஏலாது" என்றேன். ஓர் எழுத்தைக்கூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனேன்.

தை மாதம். பதிவு நடந்தது நிலக்கீழ் அறையில். நான் திரும்பி வந்து, என் வரி எப்படி ஒலிக்கிறது என்று கேட்பதற்காக வாசலிலேயே நின்றேன். கதவு திறந்தபடி இருந்தது; பனிக்காற்று நேரே உள்ளே போனது. ஒலிவாங்கிக்கு முன்னால் கடுதாசியோடு நின்ற அண்ணை என்னைப் பார்த்தார். பஸ் முழுவதற்கும் கேட்கிற குரலில், "கதவைச் சாத்துங்கோ, குளிருது!" என்றார். நான் அசையவில்லை. மறுபடியும் சொன்னார். சாத்தினேன்.

வாத்தியங்கள் நிற்கவில்லை. பாடகன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டான், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நாலு ஜேர்மன்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தினார்கள். முடிந்ததும் யூர்கன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். இவ்வளவு வலிமையான வரியைத் தான் கேட்டதே இல்லை என்றான். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த நாட்டுக்கு வந்தபின் என் எழுத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அரை மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு சொல்ல வழியில்லாமல் போயிற்று.

இசைத்தட்டு வந்தது. உறையில், "தமிழ் வரி: ரட்னசபா". இரத்தினசபாபதி என்ற என் பெயரில் பாதியைக் காணவில்லை. இருந்த பாதி போதுமானதாக இருந்தது. கலியாண வீடுகளில், "மாஸ்டர் வந்திட்டார், கதவைச் சாத்துங்கோ" என்றார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அதிபர் தெரிவு நடந்தபோது என் பெயர் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் குளிருது என்றார். அதிபரானவர் ஒற்று எங்கே வரும் என்று தெரியாதவர். அவர் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

அண்ணையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "நான் பொய் சொல்லேல்லையே மாஸ்டர். கதவு திறந்துதானே கிடந்தது" என்றார்.

அகதிகள் தங்கிய வீடுகளுக்கு நாசிக் கூட்டங்கள் நெருப்பு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் பின்னேரம் எங்கள் விடுதிக்கு முன்னால் மொட்டைத்தலைப் பெடியன்கள் கல்லோடு கூடினார்கள். செய்தி கேட்டு யூர்கனும் அவன் கூட்டமும் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றார்கள். எங்களுக்குத் துணை என்று காட்ட, தங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சேர்ந்து முழங்கினார்கள். கீழ்த்தளத்தில் புதிதாக வந்த ஒரு குடும்பம், என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாசலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜேர்மன் வாய்களிலிருந்து தமிழ் வருவதைக் கேட்டுத் திகைத்தாலும், சொன்னபடி சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். முதல் கல் மூடிய கதவில்தான் விழுந்தது.

என்னோடு மேல் ஜன்னலில் நின்ற அண்ணை மெதுவாகச் சொன்னார்: "உங்கடை வசனத்தைச் சொல்லியிருந்தால், சனம் விளக்கம் கேக்க வெளியிலை வந்திருக்கும்."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

போன வருடம் குழுவின் ஆரம்ப இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே இறுவட்டாக வெளியிடப் போவதாகவும், பாட்டு வரிகளும் விபரங்களும் சிறு புத்தகமாகக் கூடவே வரும் என்றும் யூர்கன் அறிவித்தான். என் பெயரைக் காப்பாற்ற அதுவே கடைசி வாய்ப்பு. உண்மை முழுவதையும் நாலு பக்கத்தில் நல்ல ஜேர்மனில் எழுதினேன். அண்ணை அப்போது சிறுநீரக நோயாளி; இரத்தம் சுத்திகரிக்கப் போகாத ஒரு நாளில் அவர் வீட்டிலேயே மூவரும் கூடினோம். யூர்கனுக்கு வேறு கவலை. பழைய பதிவைத் துப்புரவாக்கும்போது தான் அடிக்காத ஓர் அடி கேட்கிறது என்றான். நான் கடிதத்தை நீட்டினேன்.

"நாலு பக்கமோ?" என்றார் அண்ணை. "எனக்கு நாலு சொல்லுக் காணும்." பிறகு யூர்கனைப் பார்த்துத் தன் சமையலறை ஜேர்மனில், "வரி என்னுடையது. கதவு சாத்து" என்றார்.

யூர்கன் கடிதத்தை வாங்காமல் அண்ணை பக்கம் திரும்பினான். "நான் எல்லையைத் திற என்று கத்துகிறேன். நீ கதவைச் சாத்து என்கிறாயா?"

"ஓம்" என்றார் அண்ணை தமிழிலேயே. மிச்சத்தை என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். "எல்லை வேறை, கதவு வேறை. உள்ளுக்கை வந்த சனம் விறைக்கப்படாதெல்லோ."

யாரிடம் சொன்னாய் என்று யூர்கன் கேட்டான். அண்ணை நாடியை உயர்த்தி என்னைக் காட்டினார். யூர்கன் மேசையில் விரலால் தாளம் போட்டு எண்ணிக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். "கதவா?" என்றான். ஆம் என்றேன். அவன் சிரிக்கத் தொடங்கினான். என் பெயரை அந்த வரியிலிருந்து எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தான். வென்றுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

அடக்கத்தன்று கோயிலில் குழுவினர் முன் வாங்கில் இருந்தார்கள். பச்சை மயிர் நரைத்துவிட்டது. றீற்றா அக்கா அவர்களைப் பாதரிடம், "இவையள் அவரின்ரை பங்கு" என்று அறிமுகம் செய்தார். யாரும் திருத்தவில்லை, நானும்தான். வெளியே வந்ததும் யூர்கன் புது இறுவட்டைத் தந்தான். தமிழ் வரி, அந்தோனிமுத்து. தமிழ்க் குரல், அந்தோனிமுத்து. கித்தார், பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் கடந்து கடைசியில், "கதவு: இரத்தினசபாபதி". ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போகுமுன் அண்ணை தொலைபேசி எடுத்து, எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாராம். தன் வாழ்நாளில் அவர் திருத்திய பிழை அது ஒன்றுதான்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய பருப்புக்கறியையோ பகிடியையோ நினைவில் வைத்திருப்பார்கள். நான் வைத்திருப்பது அந்தப் பாட்டின் நடுவில் உள்ள சில விநாடிகளை. விறைத்துப்போய், கோபத்தில் கத்தும்போதும் அவர் சாத்து என்று சொல்லவில்லை. சாத்துங்கோ என்றுதான் சொல்கிறார். இந்த ஊரில் என்னை ஏசும்போதும் மரியாதையை விடாதவர் வேறொருவர் இல்லை. இரண்டு தரம் சொல்கிறார். பிறகு, தாளத்தில் சரியாக, ஒரு சத்தம் விழுகிறது. அது நான்.