கமிட்டி நாளில் அம்மா

என் அம்மா எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதை நான் தெரிந்துகொண்டது தூத்துக்குடியில், ஒரு கதவில். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றைத் தடுத்து அறைகளாக்கி நடந்துகொண்டிருந்த சின்னத் தனியார் கல்லூரி அது. அங்கே என் தாய்மாமா மேனேஜர். மேனேஜர் என்றால் மணி அடிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும். மணி அடிக்கிறவர் வராத நாளில் அதுவும். ஒருநாள் விடிந்ததும் பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அரக்கப்பரக்க வந்து நின்றார். பல்கலைக்கழகத்திலிருந்து அன்றைக்கு ஆய்வுக் கமிட்டி வருகிறது. வேதியியல் நடத்தியவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆள் இல்லையென்று தெரிந்தால் அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள். சேர்ந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"யக்கா, நீ ஒரு நா வந்து உக்காந்தாப் போதும். வாயே தொறக்காண்டாம்."

அப்பா பேப்பரை இறக்காமலே, "ஒரு நாளுன்னா போய்ட்டு வரட்டும்" என்றார். அம்மா பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுக்குக் கீழே இருந்த மஞ்சள் உறையை எடுத்துக்கொண்டாள். எனக்கு வயிற்றுவலி, பள்ளிக்கு லீவு. அதனால் நானும் தொற்றிக்கொண்டேன். தூத்துக்குடித் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது எங்கள் பக்கத்தவர்களின் முடிவான அபிப்பிராயம். அந்த ஊருக்குப் போகும் யாரும் தாமிரபரணித் தண்ணீரில்லாமல் பஸ் ஏறமாட்டார்கள். என் கழுத்திலும் ஒரு பாட்டில் தொங்கியது.

"எவரு என்ன கேட்டாலும் சிரிக்கணும், பேசக்கூடாது. என்னட்டி?" என்று வழியெல்லாம் மாமா எனக்குப் பாடம் எடுத்தார்.

வேதியியல் அறைக் கதவில் அம்மாவின் பெயர், பின்னால் எம்.எஸ்ஸி., கீழே விரிவுரையாளர். பெயின்ட் இன்னும் காயவில்லை. நான் அதிர்ந்துபோய் நின்றேன். பக்கத்து அறையில் இன்னொரு அதிர்ச்சி. இயற்பியல் பேராசிரியராக டை கட்டி உட்கார்ந்திருந்தவர் எங்கள் வீட்டு டிவியைப் பழுது பார்க்கிற அண்ணாச்சி! என்னை முன்பின் பார்த்திராதவர் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். மஞ்சள் உறையிலிருந்த அம்மாவின் சர்டிபிகேட்டைப் பிரித்துப் பார்த்தவர் அதோடு விடவில்லை. "ஒரு வகுப்பு எடுங்கம்மா, நாங்களும் உட்கார்ந்து கேட்கிறோம்" என்றார். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா எழுந்து மேஜைக்கு வந்தாள். கொஞ்சநேரம் கரும்பலகையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணியைக் கொண்டா" என்றாள்.

ஒரு சோதனைக் குழாயில் எங்கள் ஆற்றுத் தண்ணீர், இன்னொன்றில் கல்லூரி போர்வெல் தண்ணீர். இரண்டிலும் சோப்பைச் சுரண்டிப் போட்டுக் குலுக்கினாள். எங்கள் தண்ணீரில் நுரை பொங்கி அவள் விரல்வரை ஏறியது. மற்றதில் திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாய் மிதந்தது.

"சோப்பு ஒண்ணுதான். அங்க நொரை வருது, இங்கன வரலை. ஏன்?"

வீட்டில் அப்பா பேப்பர் படிக்கும்போது அடுக்களை தாண்டாத குரல் அது. இங்கே கடைசி பெஞ்சுவரை போனது. கால்சியம் என்றாள், மக்னீசியம் என்றாள். ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவனிடமே திருப்பிக் கேட்டு, அவன் வாயாலேயே விடையை வரவழைத்தாள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. இது யார், எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவாளா என்று நினைத்தேன்.

தலைவர் என் கன்னத்தைத் தட்டினார். "உங்க அம்மா வீட்டிலேயும் இப்படிப் பாடம் நடத்துவாங்களா பாப்பா?"

பெருமையில் மாமாவின் பாடம் மறந்துபோயிற்று. "இல்ல தாத்தா. அம்மா இன்னைக்கு மட்டுந்தான் டீச்சர். நாளைக்கு வரமாட்டாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மாணவர்களைப் பார்த்தார். "அப்படின்னா நஷ்டம் இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அறிக்கையில் கையெழுத்தைப் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைக் கேட்ட பிறகும் பொய்க்குக் கையெழுத்துப் போடுவார்கள் என்று எங்கள் பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் அம்மா மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏம்ல, திங்கக்கெழமைல இருந்து நானே வரட்டா?"

மாமா சிரித்துவிட்டார். "அத்தான்கிட்ட யாரு பேசுதது? அடுத்த கமிட்டிக்குச் சொல்லி அனுப்புதேன்க்கா. அதுவரைக்கும் சர்டிபிகேட் காலேஜ்லயே இருக்கட்டும்."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வல்லநாடு தாண்டியும் என் பக்கம் திரும்பவில்லை. நான் காரியத்தைக் கெடுத்துவிட்ட கோபம் என்று எண்ணிக்கொண்டு, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அடுத்த தடவை சரியாச் சொல்லிருதேம்மா. எங்க அம்மா தெனமும் காலேஜுக்கு வாராங்கன்னு."

அம்மா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க, இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். பாளையங்கோட்டையில் இறங்குவதற்குள் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். அடுத்த கமிட்டிக்கு என்னைத் தயார் செய்கிறாள் என்றே நினைத்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.